சரளமாகப் பேச வராதவர்கள் ஐஇஎல்டிஎஸ் எழுதுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

இது யாருக்கான வழிகாட்டி என்று முதலில் சொல்லிவிடுகிறேன். ஆங்கில நாளிதழை அகராதியை வைத்துக்கொண்டு ஒப்பேற்றிவிடுவீர்கள். ஆனால் எதிரில் ஒருவர் ஆங்கிலத்தில் பேச்சுக் கொடுத்தால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். படித்தது தமிழ்வழி, அல்லது பெயருக்கு ஆங்கிலவழி. படிக்கவோ வேலைக்கோ வெளிநாடு போக ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் போய் உட்கார்ந்தேன். முதல் முறை ரைட்டிங்கில் ஒன்பதுக்கு 5.5 வந்து, கட்டிய பணம் வீணானது. இரண்டாம் முறை தேறினேன். பிறகு தெரிந்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பலருக்குச் சொல்லிக் கொடுத்தேன். எல்லோரும் தடுக்கி விழுவது அதே நாலைந்து இடங்களில்தான்.

முதலில் ஒரு கணக்கு. லிசனிங், ரீடிங், ரைட்டிங், ஸ்பீக்கிங் என்று நான்கு பகுதிகள். நான்குக்கும் சம எடை. ஸ்பீக்கிங்கை மறுபடியும் நான்காகப் பிரித்து மதிப்பிடுகிறார்கள்: சரளமும் கோர்வையும், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. ஆக, சரளத்துக்கென்று நேரடியாகக் கிடைப்பது 16-இல் ஒரு பங்கு. பழைய கணக்கில் ரூபாய்க்கு ஓரணா. அந்த ஓரணாவுக்காக ஆறு மாதம் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்புக்குப் போய்விட்டு, மீதிப் பதினைந்து அணாவைக் கோட்டை விடுகிறவர்கள்தான் அதிகம்.

1. எந்தத் தேர்வு, எத்தனை பேண்ட்? முதலில் எழுதி வையுங்கள்

ஐஇஎல்டிஎஸ்ஸில் அகாடமிக், ஜெனரல் ட்ரெயினிங் என இரண்டு வகை. மேற்படிப்புக்கும் நர்சிங் போன்ற தொழில் பதிவுக்கும் பெரும்பாலும் அகாடமிக். கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி போன்ற குடியேற்ற வழிகளுக்கு ஜெனரல். பிரிட்டன் விசா சிலவற்றுக்கு யுகேவிஐ என்ற தனிப் பதிவு தேவை. வினாத்தாள் அதேதான், ஆனால் சாதாரணப் பதிவில் எழுதிய சான்று அங்கே செல்லாது. மாற்றிப் பதிவு செய்து எழுதிவிட்டால் திருத்த வழியில்லை, மறுபடியும் எழுதத்தான் வேண்டும். அதனால் நண்பன் சொன்னான், ஏஜென்ட் சொன்னார் என்று விடாமல், நீங்கள் விண்ணப்பிக்கும் இடத்தின் இணையதளத்தில் நீங்களே படித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பேண்ட் என்பது 9 வரை போகும் மதிப்பெண் படி. மொத்த பேண்ட் கேட்கிறார்களா, ஒவ்வொரு பகுதியிலும் குறைந்தபட்சம் கேட்கிறார்களா என்பதையும் பாருங்கள். பிரிட்டனின் நர்சிங் கவுன்சில் லிசனிங், ரீடிங், ஸ்பீக்கிங்கில் 7-உம் ரைட்டிங்கில் 6.5-உம் கேட்கிறது. இதில் லிசனிங்கில் 8.5 வாங்கினாலும் ரைட்டிங் 6 என்றால் அது போதாது. (நர்சுகளுக்கு ஓஇடி என்ற இன்னொரு தேர்வும் உண்டு. நோயாளி, வார்டு, பரிந்துரைக் கடிதம் என்று பழகிய விஷயமாகவே வரும். ஐஇஎல்டிஎஸ் ரைட்டிங்கில் வரைபடத்தை விவரிப்பதைவிட அது எளிது என்று சொன்னவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.)

மொத்த பேண்ட் என்பது நான்கின் சராசரி. சராசரி .25-இல் முடிந்தால் மேலே உள்ள அரைக்கு ஏறும்; .75 என்றால் அடுத்த முழு எண்ணுக்கு ஏறும். 6.5, 6.5, 6, 5.5 என்றால் சராசரி 6.125, கையில் வருவது 6. அந்த 5.5 மட்டும் 6 ஆகியிருந்தால் சராசரி 6.25, கையில் வருவது 6.5. எங்கே அரைப் படி ஏறினால் போதும் என்று இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் படிக்கத் தொடங்க வேண்டும்.

2. முன்கூட்டியே கையில் இருக்க வேண்டியவை

பாஸ்போர்ட். இந்தியாவில் எழுதுகிறவர்களுக்கு இதுதான் அடையாளச் சான்று; ஆதார் செல்லாது. நம் ஊர் இனிஷியல் இங்கேதான் வம்பு செய்யும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து இருக்கும், விண்ணப்பத்தில் பழக்கத்தில் ஓர் எழுத்தைப் போட்டுவிடுவோம். பாஸ்போர்ட்டில் எப்படியோ அப்படியே நிரப்புங்கள்.

கேம்பிரிட்ஜ் வெளியிடும் பழைய வினாத்தாள் தொகுப்புகளில் சமீபத்தியவை இரண்டு. ஒவ்வொன்றிலும் நான்கு முழுத் தேர்வுகள் இருக்கும். எட்டுத் தேர்வுகளை ஒழுங்காகப் போட்டாலே அதிகம். இணையத்தில் சுற்றும் அரைகுறை பிடிஎஃப்களில் விடையே தப்பாக இருப்பதைப் பார்த்திருக்கிறேன்.

கணினியில் எழுதுவதாக இருந்தால் விசைப்பலகை பழகியிருக்க வேண்டும். போனில் கட்டைவிரலால் மின்னலாக அடிப்பவர்கள் கீபோர்டில் ஓர் எழுத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். தேர்வில் எழுத்துப்பிழை திருத்தியும் கிடையாது. தினமும் 15 நிமிடம் டைப்பிங், முதல் நாளிலிருந்தே.

அப்புறம், ஒரு நோட்டு. இதைப் பிழை நோட்டு என்று அழைப்போம். கடைசி வரை கூடவே வரும்.

3. பணம் கட்டும் முன் வீட்டில் ஒரு முழுத் தேர்வு

தேர்வுக் கட்டணம் 15,000 ரூபாய்க்கு மேல். "தேதி போட்டால்தான் படிப்பு வரும்" என்று பலர் முதலில் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. இருக்கும் இடம் தெரியாமல் போகும் தூரத்தை எப்படிக் கணக்கிடுவது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போனை அணைத்துவிட்டு லிசனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றையும் அடுத்தடுத்து எழுதுங்கள். இடைவேளை கூடாது, தேர்விலும் கிடையாது. லிசனிங்கிலும் அகாடமிக் ரீடிங்கிலும் 40-க்கு 23 சரி என்றால் ஏறத்தாழ பேண்ட் 6, 30 என்றால் 7. ஜெனரல் ரீடிங் சற்று எளிது என்பதால் அளவு கடுமை: 6-க்கே 30 வேண்டும், 7-க்கு 34.

அகாடமிக் ரீடிங்கில் 15-க்குக் கீழே வந்தால் தேர்வுப் பயிற்சியை ஒதுக்கிவைத்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் எளிய ஆங்கிலம் படியுங்கள். அந்த நிலையில் மாக் டெஸ்ட் (மாதிரித் தேர்வு) மேல் மாக் டெஸ்ட் போடுவது, காய்ச்சல்காரர் மணிக்கொருமுறை தெர்மாமீட்டர் வைத்துக்கொள்வது போல. 18, 20 என்று வந்தால் நேரே அடுத்த படிக்குப் போகலாம்.

4. லிசனிங்: காதைப் பழக்குவது

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. நாம் ஆங்கிலத்தைக் கண்ணால் கற்றவர்கள். எழுத்தில் பார்த்தால் புரியும் வாக்கியம் காதில் விழும்போது வேறு மொழியாகிவிடும். பள்ளியில் புணர்ச்சி படித்தோமே, மெய்யில் முடியும் சொல்லின்மேல் அடுத்த சொல்லின் உயிர் வந்து ஏறுமே, அது ஆங்கிலப் பேச்சிலும் உண்டு. எழுத்தில் காட்ட மாட்டார்கள், அவ்வளவுதான். 'பிக் இட் அப்' என்று மூன்று சொல்லாகக் காத்திருப்போம். அவர்கள் 'பிக்கிட்டப்' என்று ஒரே மூச்சில் போய்விடுவார்கள்.

இதற்கு நான் கண்ட ஒரே மருந்து கேட்டெழுதுதல். பழைய வினாத்தாளின் ஒலிப்பதிவில் இரண்டு நிமிடத் துண்டு ஒன்றை எடுங்கள். ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்தி, கேட்டதை எழுதுங்கள். பிறகு புத்தகத்தின் பின்னால் இருக்கும் உரையோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போன சொற்களைச் சிவப்பில் வட்டமிட்டு, அந்த இடத்தை மட்டும் ஐந்து முறை கேளுங்கள். தினமும் அரை மணி நேரம். முதல் வாரம் அழுகை வரும், மூன்றாம் வாரத்தில் காது திறக்கும். சப்டைட்டிலோடு படம் பார்ப்பதைப் பயிற்சி என்று நினைக்காதீர்கள். அங்கே வேலை செய்வது கண்தான்.

தேர்வில் ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும். நான்கு பகுதி, 40 கேள்வி, சுமார் 30 நிமிடம். ஒவ்வொரு துண்டுக்கும் முன் கேள்விகளைப் படிக்கச் சில நொடிகள் தருவார்கள். அந்த நொடிகளில் முந்தைய விடையைச் சரிபார்ப்பதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. முடிந்தது முடிந்தது, அடுத்த கோடிட்ட இடத்தில் எண் வருமா, பெயர் வருமா, இடம் வருமா என்று ஊகித்து வையுங்கள்.

மதிப்பெண் கசியும் சில்லறை ஓட்டைகள்:

பேசுகிறவர் "செவ்வாய்க்கிழமை" என்பார், கூட இருப்பவர் "அன்று மூடியிருக்குமே" என்பார், "அப்படியானால் புதன்" என்று முடிப்பார்கள். முதலில் கேட்டதை எழுதிவிட்டுப் பேனாவை வைத்தவருக்குப் பூஜ்யம்.

'நோ மோர் தேன் டூ வேர்ட்ஸ்' என்றிருந்தால் மூன்றாவது சொல்லைச் சேர்த்த விடை தவறு. எழுத்துப்பிழையும் தவறு. கடைசி 'எஸ்' விட்டுப்போனாலும் அப்படியே.

ஆஸ்திரேலியக் குரல் ஒன்று வந்தால் 'ஏ' என்ற எழுத்து நம் காதில் 'ஐ' என்றே விழும். பெயரை எழுத்து எழுத்தாகச் சொல்லும் முதல் பகுதியில் இது காலை வாரிவிடும். அந்த உச்சரிப்பைக் கொஞ்சம் தனியாகக் கேட்டுப் பழகுங்கள்.

இன்னொன்று. "கடைசியில் பத்து நிமிடம் தருவார்கள்" என்று பழைய காணொளிகளில் சொல்வது தாளில் எழுதும் தேர்வுக்கு. கணினியில் சரிபார்க்கக் கிடைப்பது இரண்டு நிமிடம்தான்.

5. ரீடிங்: வாக்கியத்தின் தலையைப் பிடிப்பது

60 நிமிடம், 40 கேள்வி. விடைகளை மாற்றி எழுதத் தனி நேரம் கிடையாது. அகாடமிக்கில் மூன்று நீண்ட கட்டுரைகள் வரும்.

நம்மவர்கள் மெதுவாகப் படிப்பதற்குச் சொற்கள் தெரியாதது பாதிக் காரணம்தான். மீதி, வாக்கிய அமைப்பு. "நேற்று சென்னையிலிருந்து வந்த மாமா வாங்கிக் கொடுத்த பேனா" என்று நாம் வால் முழுவதையும் முன்னால் சொல்லிவிட்டுக் கடைசியில் பேனாவுக்கு வருவோம். ஆங்கிலத்தில் பேனா முதலில் வந்துவிடும். 'தட்', 'விச்', 'ஹூ' போட்டு வால் பின்னால் நீளும். அதனால் நீண்ட வாக்கியத்தைக் கண்டால், யார், என்ன செய்தார் என்ற இரண்டை மட்டும் முதலில் அடிக்கோடிடுங்கள். வாலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். தினமும் பத்து வாக்கியம் இப்படிப் பிரித்தால் ஒரு மாதத்தில் வேகம் கூடுவது உங்களுக்கே தெரியும்.

அடுத்தது, 'ட்ரூ, ஃபால்ஸ், நாட் கிவன்' கேள்வி. "சரியா தவறா" என்று இரண்டே விடைக்குப் பழகிய நமக்கு அந்த மூன்றாவது விடைதான் தலைவலி. ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். பத்தியில் இருப்பது: "இவ்வூரின் பெரும்பாலான வீடுகள் ஓடு வேய்ந்தவை, சில கூரை வீடுகளும் உண்டு." கேள்வி 1: "இவ்வூரின் எல்லா வீடுகளும் ஓடு வேய்ந்தவை." இது ஃபால்ஸ், பத்தியே மறுக்கிறது. கேள்வி 2: "கூரை வீடுகளில் ஏழைகள் வசிக்கிறார்கள்." நம் புத்தி உடனே ட்ரூ என்று போடச் சொல்லும். ஆனால் பத்தி அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. ஆகவே நாட் கிவன். மறுக்கும் வரியை விரல் வைத்துக் காட்ட முடிந்தால் ஃபால்ஸ். காட்ட வரியே இல்லையென்றால் நாட் கிவன்.

தப்பான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் காலியாக விடாதீர்கள்.

6. ரைட்டிங்: அதிகம் பேர் விழும் பள்ளம்

60 நிமிடம், இரண்டு டாஸ்க். டாஸ்க் 1 அகாடமிக்கில் வரைபடத்தை விவரிப்பது, ஜெனரலில் கடிதம்; டாஸ்க் 2 கட்டுரை. டாஸ்க் 1-க்குக் குறைந்தது 150 சொல், டாஸ்க் 2-க்கு 250. டாஸ்க் 2-க்கு இரு மடங்கு எடை. எனவே அதற்கு 40 நிமிடம் ஒதுக்குங்கள்; முதலில் அதையே எழுதிவிட்டாலும் தடையில்லை. நான் முதல் முறை வரைபடத்தை அழகு பார்த்துக்கொண்டே 35 நிமிடத்தைக் கரைத்தேன். டாஸ்க் 2-இல் முடிவுரைக்கு நேரமே இல்லை. 5.5 வந்த கதை அதுதான்.

பள்ளிக் கட்டுரைப் பழக்கத்தை இங்கே கழற்றி வைக்க வேண்டும். நாம் குறளில் தொடங்கி, முன்னுரை, பொருளுரை என்று தலைப்பிட்டு, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, நம் கருத்தை முடிவுரையில் மெல்லச் சொல்வோம். இங்கே தலைப்பு வேண்டாம், மேற்கோள் வேண்டாம். கேட்ட கேள்விக்கு உங்கள் கருத்து என்ன என்பது முதல் பத்தியிலேயே தெரிய வேண்டும். பிறகு இரண்டு பத்தி. பத்திக்கு ஒரு காரணம், அதற்கு ஓர் எடுத்துக்காட்டு. கடைசியில் இரண்டு வரி. நான்கு பத்தி போதும்.

கோச்சிங் சென்டர்களில் மனப்பாடம் செய்யச் சொல்லும் டெம்ப்ளேட்டுகளை நம்பாதீர்கள். "இன் திஸ் மாடர்ன் எரா" என்று தொடங்கும் கட்டுரைகளைத் திருத்துபவர் நாள் முழுவதும் பார்க்கிறார். மனப்பாட வரி பட்டுச்சேலை போலவும் சொந்த வரி கந்தல் போலவும் அடுத்தடுத்து நின்றால், எது இரவல் என்று யாருக்கும் தெரிந்துவிடும்.

இலக்கணத்தில் எல்லாவற்றையும் சரிசெய்ய நேரமிருக்காது. தமிழர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் இரண்டை மட்டும் பிடியுங்கள். முதலாவது 'எ' / 'தி' குழப்பம். நம் பாட்டி கதையிலேயே இதற்கு விடை இருக்கிறது: "ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு..." எண்ணக்கூடிய ஒருமைச் சொல்லுக்கு முன் 'ஒரு' பொருந்தினால் 'எ', 'அந்த' பொருந்தினால் 'தி'. எல்லா இடத்துக்கும் இது போதாதுதான், ஆனாலும் பாதிக்கு மேல் சரியாகிவிடும். இரண்டாவது 'ஷி கோ'. "நான் போகிறான்" என்று யாராவது சொன்னால் நம் காதில் எப்படி உறுத்துமோ, 'எஸ்' இல்லாத அந்த வினை அவர்கள் காதில் அப்படித்தான் உறுத்தும்.

வாரத்துக்கு மூன்று கட்டுரை எழுதினால் போதும். ஆனால் மூன்றையும் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டித் திருத்துங்கள். சிவப்பு மை பட்ட ஒவ்வொரு வரியையும் பிழை நோட்டில் இடப்பக்கம் தவறாகவும், வலப்பக்கம் சரியாகவும் எழுதுங்கள். பத்துக் கட்டுரை தாண்டியதும் பாருங்கள், ஒரே நாலு பிழைகள்தான் உங்களை விடாமல் துரத்தியிருக்கும். தேர்வில் கடைசி மூன்று நிமிடத்தை அந்த நாலைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

7. ஸ்பீக்கிங்: 14 நிமிடம் தாக்குப்பிடிப்பது

மற்றவை கணினியில் இருந்தாலும் இது ஒரு மனிதரோடுதான், 11 முதல் 14 நிமிடம். முதலில் உங்களைப் பற்றிய எளிய கேள்விகள்; பிறகு பேச வேண்டிய தலைப்பு எழுதிய கியூ கார்டு ஒன்றைத் தந்து, குறிப்பெடுக்க ஒரு நிமிடம், பேச இரண்டு நிமிடம் வரை; கடைசியில் அதையொட்டிய விவாதம்.

நர்சிங் முடித்த ஒரு தங்கச்சி, சொந்த ஊரைப் பற்றி ஒரு பக்கம் கடகடவென்று ஒப்பிப்பாள். மூச்சே விடமாட்டாள். நான் நடுவில் புகுந்து, "சரிம்மா, உங்க ஊர்ல பஸ் ஸ்டாண்ட் எப்படி இருக்கும்?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அப்படியே நின்றுவிட்டாள். தேர்வு நடத்துபவரும் இதைத்தான் செய்வார். ஒப்பிக்கிறீர்கள் என்று தெரிந்தால் பேச்சை மாற்றுவார். அன்றைக்கே அந்தப் பக்கத்தைக் கிழித்துப் போடச் சொன்னேன். அதற்குப் பதில் அவள் செய்தது இதுதான்: தினமும் ஐந்து கேள்வி, ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம். நேர் விடை ஒன்று, ஏன் என்று ஒன்று, தன் வாழ்க்கையிலிருந்து ஒன்று. போனில் பதிவு செய்து அவளே கேட்பாள். தன் குரலைக் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனால் பிழை அப்போதுதான் காதில் விழும்.

வாக்கியம் தொடங்குவதில் திணறுகிறீர்களா? தமிழில் வினை கடைசியில் வருவதால், முழுவதையும் மனத்தில் கோத்த பிறகே வாய் திறக்கப் பார்ப்போம். ஆளையும் வினையையும் முதலில் சொல்லிவிடுங்கள்: 'ஐ வென்ட்'. எங்கே, எப்போது, ஏன் என்பதெல்லாம் ஒவ்வொன்றாகப் பின்னால் வந்து சேரும்.

கியூ கார்டில் நீங்கள் சொல்வது உண்மையா என்று யாரும் சரிபார்ப்பதில்லை. மியூசியம் பற்றிக் கேட்டால், போகாவிட்டாலும் போனதாகச் சொல்லலாம். ஆனால் தெரிந்த விவரங்களை வைத்துச் சொன்னால்தான் இரண்டு நிமிடம் ஓடும். கேள்வி புரியாவிட்டால் மறுபடி கேட்கலாம்; தெரியாமல் வேறெதையோ பேசுவதுதான் ஆபத்து.

உச்சரிப்பு. வெள்ளைக்காரர் மாதிரி பேச வேண்டியதில்லை, தமிழ் வாடை அடிப்பதற்கு மதிப்பெண் குறையாது. ஆனால் சொல் விளங்க வேண்டும். 'பேக்' என்று நான் எழுதினால் அது முதுகா, பையா? நம் எழுத்தில் வித்தியாசம் இல்லை, அதனால் பலர் வாயிலும் இல்லை. ப, க, ட வரிசையில் இப்படி இரட்டையாக வரும் சொற்களைப் பட்டியலிட்டுக் கண்ணாடி முன் சொல்லிப் பழகுங்கள். 'எவரி' என்பதை 'யெவரி' என்று இழுக்கும் பழக்கம் இருந்தால் அதையும் கவனியுங்கள்.

8. தேதி போடுவதும் தேர்வு நாளும்

வீட்டில் எழுதும் லிசனிங், ரீடிங் இரண்டிலும் அடுத்தடுத்து மூன்று முறை தேவையான அளவு வந்த பிறகே தேதி போடுங்கள். ஒரு முறை வந்தது அதிர்ஷ்டமாக இருக்கலாம். கடைசி வாரம் புதுச் சொல் எதுவும் படிக்க வேண்டாம். பிழை நோட்டு மட்டும். தேர்வு நாளில் அசல் பாஸ்போர்ட்டோடு நேரமே போய்விடுங்கள். நகல் எடுபடாது.

மதிப்பெண் இரண்டு ஆண்டுகளுக்குச் செல்லும். ஒரே ஒரு பகுதியில் மட்டும் குறைந்தால், கணினியில் எழுதியவர்கள் 60 நாட்களுக்குள் அந்தப் பகுதியை மட்டும் மறுபடி எழுதலாம். நீங்கள் விண்ணப்பிக்கும் இடம் அதை ஏற்குமா என்று கேட்டுவிட்டுப் பதிவு செய்யுங்கள். ஆறு வாரத்துக்குள் மறுமதிப்பீடு கேட்கவும் வழியுண்டு. பேண்ட் மாறினால் அதற்குக் கட்டிய பணம் திரும்பி வரும். லிசனிங், ரீடிங்கில் மாறுவது அரிது, அங்கே விடை ஒன்றுதான். ரைட்டிங்கில் அரை பேண்ட் குறைந்து, டாஸ்க் இரண்டையும் முழுமையாக முடித்த நினைவு இருந்தால் கேட்டுப் பார்க்கலாம். நான் கேட்கவில்லை. முடிவுரை எழுதாத கட்டுரைக்கு எந்த முகத்தோடு கேட்பது?